மகளின் முழங்கையில் வந்த மஞ்சள் கட்டிகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறோம். மகளுக்கு 11 வயதில் இரண்டு முழங்கையிலும் துவரம்பருப்பு அளவில் மஞ்சள் கட்டிகள் வந்தன. வலி இல்லை, தொட்டால் கெட்டியாக இருக்கும். அப்புறம் குதிகாலுக்கு மேலேயும் வந்தது. ரத்தப் பரிசோதனையில் கொலஸ்டிரால் 400-ஐத் தாண்டியிருந்தது. ஒல்லிப் பிள்ளை, எனக்கு நம்பவே முடியவில்லை.

முதலில் காட்டிய இடத்தில் முட்டை, கறி, நெய்யை நிறுத்தச் சொல்லி, கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை கொடுத்தார்கள். நெய்க்குப் பதில் செக்கு நல்லெண்ணெய், சாயங்காலம் எள்ளுருண்டை என்று மாற்றினேன். அத்தை ஏற்காடு போகும்போதெல்லாம் பட்டர் ஃப்ரூட் வாங்கி வருவார். "இதுல கொலஸ்டிராலே இல்ல, தின்னட்டும்" என்பார். ஆறு மாதத்தில் கட்டிகள் பெருத்தன.

வேறொரு டாக்டர்தான் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். சிறுகுடல் செல்லில் என்பிசி1எல்1 என்றொரு வாசல். கொலஸ்டிராலும், எள், கடலை, எண்ணெயில் இருக்கும் தாவர ஸ்டீரால் என்ற கொலஸ்டிரால் மாதிரியான பொருளும் அதே வழியாகத்தான் நுழைகின்றன. உள்ளே போன கொலஸ்டிராலோடு ஒரு கொழுப்பு அமிலத்தைக் கோத்து, குடல் செல் பொட்டலம் கட்டி உடம்புக்குள் அனுப்பிவிடுகிறது. தாவர ஸ்டீராலை அப்படிக் கோப்பது மிகக் குறைவு. ஏபிசிஜி5, ஏபிசிஜி8 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்த பம்பு அதைத் திரும்பக் குடலுக்கே தள்ளிவிடும். அதனால்தான் சாப்பிடும் கொலஸ்டிராலில் ஏறக்குறைய பாதி உடம்பில் சேர்கிறது, தாவர ஸ்டீராலில் நூற்றுக்கு ஐந்துகூடச் சேர்வதில்லை.

என் மகளுக்கு அந்தப் பம்பு வேலை செய்யவில்லை. நோயின் பெயர் சிட்டோஸ்டீரோலீமியா. 1974-ல் இரண்டு சகோதரிகளிடம்தான் முதன்முதலில் கண்டார்களாம். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இது வரும். என் கணவர் எனக்கு அத்தை மகன்.

சாதாரண லேப் சோதனை தாவர ஸ்டீராலையும் கொலஸ்டிராலாகவே எண்ணிவிடுகிறது. நல்லது என்று நான் ஊட்டியதெல்லாம் அவள் உடம்பில்தான் சேர்ந்திருக்கிறது. இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது.

இப்போது எசெடிமைப் கொடுக்கிறோம். அது அந்த வாசலையே அடைக்கும் மாத்திரை. எண்ணெயை அளந்து ஊற்றுகிறேன், எள்ளும் கடலையும் கிடையாது. ஒரு வருடத்தில் முழங்கைக் கட்டிகள் பாதியாகிவிட்டன.

இதைப் படித்துவிட்டு நல்லெண்ணெயை நிறுத்திவிடாதீர்கள். பம்பு சரியாக இருப்பவர்களுக்குத் தாவர ஸ்டீரால் குடலிலேயே கொலஸ்டிராலோடு இடத்துக்குப் போட்டியிட்டு, அது ரத்தத்தில் சேருவதைக் குறைக்கும். ஆனால் பிள்ளைக்கு இப்படி மஞ்சள் கட்டி இருந்து, ஸ்டேடினுக்கும் கொலஸ்டிரால் இறங்காவிட்டால், தாவர ஸ்டீரால் அளவைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டும் இந்த நோயில் குறையலாம்; பழைய ரிப்போர்ட்டில் அது குறைவாக இருந்ததா என்றும் பாருங்கள். என் மகளுக்கு இருந்தது, யாருமே கவனிக்கவில்லை.