புதுப்பிப்பு: முத்தியால்பேட்டை மாடித் திரையிடல், சப்டைட்டில் சரியாகிவிட்டது

'தி தர்ட்டீன்த் ஃப்ளோர்' (1999) படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போகப்போக முந்திக்கொண்டு ஓடுகிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா, காரணம் பிடிபட்டது. சப்டைட்டில் நொடிக்கு 25 பிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் பதிப்புக்குச் செய்தது. நம்மிடம் உள்ள ப்ளூ-ரே வட்டில் நொடிக்கு 23.976 பிரேம்தான், அதாவது படம் கொஞ்சம் மெதுவாக ஓடும். ஒரு மணி நேரத்தில் சப்டைட்டில் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் முந்தும். அதனால்தான் பிளேயரில் சப்டைட்டிலை மொத்தமாகத் தள்ளிவைத்தும் பலனில்லை; ஆரம்பம் ஒட்டினால் கடைசி கெடும். 'சப்டைட்டில் எடிட்' மென்பொருளில் பிரேம் ரேட்டை 25-லிருந்து 23.976-க்கு மாற்றி, யுடிஎஃப்-8-ல் (தமிழ் எழுத்துகளையும் தாங்கும் குறியீட்டு முறை) சேமிக்கவும். இல்லாவிட்டால் தமிழெல்லாம் கேள்விக்குறிதான்.

இன்னொன்று: படத்தில் கணினிக்குள் உருவாக்கிய உலகமாக வரும் 1937 லாஸ் ஏஞ்சல்ஸ் காட்சிகள் பழுப்பேறித்தான் வரும். புரொஜெக்டர் கோளாறு என்று நினைத்து யாரும் கலரில் கை வைத்துவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும். எந்த உலகத்தில் இருக்கிறோம் என்று படம் காட்டிக்கொடுப்பதே அந்த நிறத்தில்தான்.