பேசாப்படத்து "ஹெவி": தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

பேசாப்பட நகைச்சுவை பற்றிய பாடக்குறிப்பு திங்களன்று அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறேன். மியூச்சுவல் என்ற அமெரிக்கப் பட நிறுவனத்துக்காக 1916–17இல் சாப்ளின் எடுத்த 12 படங்களில் 11இல் எரிக் கேம்பெல் என்ற நடிகர் இருக்கிறார். ஆறடியைத் தாண்டிய ஆள், மையால் தீட்டிய புருவம், மிரட்டும் பார்வை. இந்த வேடத்துக்கு ஆங்கிலத்தில் "ஹெவி" (கனமானது) என்று பெயர். "வில்லன்" என்று போட்டுவிடலாமா?

---

> "வில்லன்" என்று போட்டுவிடலாமா?

வேண்டாம் அம்மா. வேர் நம்மிடமே இருக்கிறது. "தடவும் கயவும் நளியும் பெருமை" என்பது தொல்காப்பியத்தின் உரியியல் நூற்பா; தட, கய, நளி மூன்றுக்கும் பெரியது என்று பொருள். தட என்பதற்கு வளைவு என்ற பொருளும் உண்டு என்கிறது அடுத்த நூற்பா. ஈஸி ஸ்ட்ரீட் படத்தில் கேம்பெல் தன் பலத்தைக் காட்ட தெருவிலுள்ள வாயு விளக்குக் கம்பத்தையே வளைக்கிறார். பெருமை, வளைவு இரண்டும் ஒரே சொல்லில்! "தடமாந்தன்" என்று ஆளலாம். கய என்பதற்கோ மென்மைப் பொருளும் உண்டு: கயந்தலை, கயமுனி... தனி மடலில் விரிக்கிறேன்.

---

ஐயா, நூற்பா சரி. ஆனால் "தடமாந்தன்" என்றால் மாணவர்கள் தடகள வீரர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

"வில்லன்" எனக்கும் ஒப்பவில்லை. தி கியூர் படத்தில் கேம்பெல் காலில் பெரிய கட்டுப்போட்ட நோயாளி. தி இமிக்ரன்ட் படத்தில் சர்வர். சாப்ளின் நீட்டிய காசைக் கடித்துப் பார்க்கிறார், அது வளைகிறது. கெட்டவனா நல்லவனா என்பது இங்கே பேச்சே இல்லை. வழியை அடைத்துக்கொண்டு நிற்பதுதான் அவர் வேலை. சின்ன ஆள் எந்தச் சந்தில் நுழைவான் என்பதில்தான் சிரிப்பு. அதே ஈஸி ஸ்ட்ரீட்டில் சாப்ளின் அவர் தலையை அந்த வாயு விளக்குக்குள் அமுக்கி வாயுவைத் திறக்கிறார், நாடி பிடித்துப் பார்க்கிறார், அப்புறம் இன்னும் கொஞ்சம் திறந்துவிடுகிறார். எதிரில் இருப்பது நோஞ்சான் என்றால் அந்த நாடி பார்ப்பதற்கு அர்த்தமே இல்லை.

கேம்பெல், இங்கிலாந்தில் நகைச்சுவை நாடகங்கள் நடத்திய ஃபிரெட் கார்னோவின் மேடைக் குழுவிலிருந்து வந்தவர். நம் நாடகக் கம்பெனிகளிலும் ராஜபார்ட், கள்ளபார்ட் என்று வேடத்தை வைத்துத்தானே நடிகரைச் சொன்னோம்? அந்த வழியில் "தடியன் வேடம்" என்கிறேன். 1917 டிசம்பரில் கார் விபத்தில் போய்விட்டார். சாப்ளினோடு நடித்தது இரண்டு வருடம்கூட இல்லை. அவருக்குப் பொருந்துகிற ஒரு சொல்லையாவது நாம் கொடுக்கலாம்.

---

"தடியன்" வசைச்சொல். வகுப்பில் பருமனான பிள்ளைகளும் இருப்பார்கள். "முரட்டு வேடம்" போதும்.

---

பெரும்பாலோர் "முரட்டு வேடம்" என்கிறீர்கள். நேரமில்லை, அதையே இடுகிறேன். அனைவருக்கும் நன்றி.

---

பிள்ளைகள் மனம் நோகக்கூடாது என்பது நியாயம்தான். ஆனாலும் நான் உடன்படவில்லை. காசைக் கடித்துப் பார்க்கிற சர்வரிடம் என்ன முரடு இருக்கிறது? "தடியன் வேடம்" என்பதை அடிக்குறிப்பிலாவது சேருங்கள் அம்மா.