குடிநீர்த் திட்டத்தைப் பெரிதாக்கும்போது உங்கள் ஊரில் கேட்டார்களா? அனுபவம் சொல்லுங்கள்

வாய்க்கால்கரை (கடலூர் மாவட்டம்):

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் கூட்டுக் குடிநீர் அங்கிருந்துதான் போகிறது. அதைப் பெரிதாக்கப் போகிறோம், சுற்றுச்சூழல் அறிக்கை மீது கருத்துச் சொல்ல வாருங்கள் என்று சமுதாயக் கூடத்துச் சுவரில் தாள் ஒட்டியிருந்தார்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப் பட்டியலில் குடிநீர் வழங்கும் திட்டங்கள் வராது. அதனால் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நடப்பது போன்ற கருத்துக் கேட்புக் கூட்டம் இதற்குக் கட்டாயமில்லை. எங்களைத் தேடி வந்ததே கடன் கொடுத்த வெளிநாட்டு வங்கியின் நிபந்தனையால்தான். கூட்டம் முடிந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் தெருவையே கூட்டிப் போயிருப்பேன்.

அறிக்கை முழுதும் ஆங்கிலம். தமிழில் சுருக்கம் மட்டும். பள்ளம் தோண்டும்போது கிளம்பும் தூசி, லாரிச் சத்தம், வெட்டும் மரத்துக்குப் பதில் மரம், எல்லாம் எழுதியிருந்தது. ஃபில்டர் கழுவுகிற தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு வரி இல்லை.

எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். விடியற்காலையில் எங்கள் வாய்க்கால் செக்கச்செவேலென்று ஓடும். இந்தப் பக்கம் பூமிக்கடியில் கடலூர் மணற்பாறை. எங்கள் போர் தண்ணீரில் இரும்பு அதிகம். குடத்தில் பிடிக்கும்போது பளிங்கு மாதிரி இருக்கும், காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரத்தில் செங்கல் கரைத்த நிறமாகிவிடும். அந்த இரும்பைக் காற்றூட்டிப் பிரித்து மணல் வடிகட்டியில் நிறுத்துகிறார்கள். மணல் அடைத்துக்கொண்டால் கீழிருந்து மேலே தண்ணீரை வேகமாக ஏற்றிக் கழுவ வேண்டும். கழுவிய அழுக்கெல்லாம் என் வயல் மடையில் வந்து தங்கி, வெயிலில் காய்ந்து, அப்பளம் மாதிரி ஓரம் சுருண்டு கிடக்கும். அது படிந்த இடத்தில் நாற்று வேர் பிடிக்காது.

அதில் ஒரு கட்டியை மஞ்சப்பையில் போட்டுக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். “இது வெறும் மண்ணுதாம்மா” என்றார் சின்ன வயது இன்ஜினியர். “அப்படின்னா அதையே எழுதுங்க சார். தெனம் எவ்வளவு மண்ணு, எங்க கொண்டுபோய்க் கொட்டுவீங்கன்னு” என்றேன். பக்கத்தில் இருந்த மூத்த அதிகாரி கட்டியை வாங்கி விரலால் நொறுக்கிப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் துரு. கைக்குட்டையில் துடைத்தும் போகவில்லை. ஒன்றும் பேசாமல் நோட்டில் எழுதிக்கொண்டார்.

திருத்தி வந்த அறிக்கையில் கழுவிய தண்ணீரைத் தெளியவைத்து மறுபடி உள்ளே எடுப்பதும், வண்டல் உலர்த்தும் படுகையும் சேர்ந்திருந்தன. ஆனால் கூட்டக் குறிப்பில் என் கேள்வி “பொதுவான வினா” என்று மட்டும் இருந்தது. மனு கொடுத்துத்தான் அதைத் திருத்த முடிந்தது. போகிறவர்கள் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பாகூர்க்காரன்:

அக்கா, எங்க கதை அழுக்கு இல்ல, அளவு. புதுச்சேரி டவுன் குடிக்கிறது நிலத்தடித் தண்ணிதான். முத்திரையர்பாளையத்துலேர்ந்து ஊருக்குத் தண்ணி வந்த கதைக்குத்தான் ஆயி மண்டபமே நிக்குது. இப்போ கடலோரத்து போர்ல உப்பு ஏறுது. எங்க பக்கம் போர் போட்டு டவுனுக்கு எடுக்கலாம்னு பேச்சு வரும்போதெல்லாம் வயித்தைக் கலக்குது. சொர்ணாவூர் அணைக்கட்டுல தென்பெண்ணைத் தண்ணி திரும்பி, பங்காரு வாய்க்கால்ல வந்து ஏரி ரொம்பினாத்தான் எங்க கிணறு ஏறும். ஒரு தடவை ஆய்வுக்கு வந்தவங்க கார்த்திகையில வந்து மட்டம் பார்த்தாங்க. கார்த்திகையில எந்தக் கிணத்துல தண்ணி இருக்காது? எங்கப்பா மோட்டார் கொட்டாய்ச் சுவத்துல கரியால கோடு போட்டு வச்சிருந்தார், எந்த வருஷம் எத்தனை லெங்த் பைப் இறக்கினோம்னு. ஒரு லெங்த் 20 அடி. அந்தச் சுவத்தை போட்டோ எடுங்க சார்னேன். எடுத்தாங்க. சித்திரையில மறுபடி வர்றோம்னு சொன்னாங்க, சொன்ன மாதிரியே வந்தாங்க.

கீழணைப் பக்கம்:

நான் வீராணத்துப் பாசனக்காரன். கொள்ளிடம் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வந்து ஏரி நிறைந்தால் 47.5 அடி. அதை நம்பி 44,000 ஏக்கருக்கு மேல் இருக்கிறது. 2004 முதல் நாளைக்கு 18 கோடி லிட்டர் வரை சென்னைக்கும் போகிறது. என் மகள் சென்னையில்தான் இருக்கிறாள், அந்தத் தண்ணீரைக் கொடுக்காதே என்று சொல்ல என்னால் முடியாது. மேட்டூர் சரியாகத் திறக்காத வருஷம்தான் பயம். விரிவாக்கக் கூட்டம் எங்கு நடந்தாலும் ஒன்றைக் கேளுங்கள்: வறண்ட வருஷத்தில் எந்த மட்டத்துக்குக் கீழே எடுக்க மாட்டீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வாய்க்கால்கரை அம்மா, அந்தப் படுகையைக் கட்டினார்களா?

வாய்க்கால்கரை:

கட்டிவிட்டார்கள் ஐயா, நான்கு படுகை. வாய்க்கால் தெளிந்துவிட்டது. போன வாரம் மடையில் கெளுத்திக் குஞ்சு பார்த்தேன், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. ஆனால் காய்ந்ததை அள்ளிப் போக லாரி வரவில்லை, மூன்று படுகை நிறைந்து கிடக்கிறது. ஐப்பசி மழை பிடித்தால் எல்லாம் கரைந்து மறுபடி வயலுக்குத்தான் வரும். வருகிற திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுக்கப் போகிறேன். இந்தத் தடவை பை நிறைய எடுத்துப் போகிறேன்.