கெர்ஹார்ட் எர்ட்லின் வினையூக்கி ஆய்வு ஏன் இவ்வளவு முக்கியம்?

கேள்வி:
நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இணைக்கும் ஹேபர்–போஷ் முறையில் 1913 முதலே தொழிற்சாலையில் அம்மோனியா தயாராகிவந்தது. பின்னாளில் அதே வினையை ஆராய்ந்த ஜெர்மானிய வேதியியலாளர் எர்ட்லுக்கு 2007-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது ஏன்?

மறுமொழி 1:
இந்த வினையை விரைவுபடுத்தும் பொருளாக, அதாவது வினையூக்கியாக, இரும்பு பயன் தருகிறது என்பது தெரிந்திருந்ததே தவிர, அதன் மேற்பரப்பில் என்ன நிகழ்கிறது என்பது நெடுங்காலம் விவாதத்திலேயே இருந்தது. எர்ட்ல், தூய இரும்பின் ஒற்றைப் படிகத்தை உயர் வெற்றிடத்தில் வைத்து, அதன்மீது தனித்தனி நைட்ரஜன் அணுக்கள் படிவதை நிறமாலை வழியே அளந்தார். ஹைட்ரஜனின் அளவைக் கூட்டியபோது அந்த அணுக்கள் குறைந்ததால், நைட்ரஜன் மூலக்கூறு முதலில் பிளவுபடுகிறது, அதுவே மிக மெதுவான படி, அதன் பின்னரே ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன என்பது உறுதியாயிற்று. என் பார்வையில் இந்தச் சோதனையின் தெளிவே அவருடைய பெருஞ்சாதனை.

மறுமொழி 2:
பரிசு அம்மோனியாவுக்கு மட்டும் உரியதன்று. திடப்பொருள்களின் மேற்பரப்பில் நிகழும் வேதிவினைகள் பற்றிய ஆய்வுகளுக்காக வழங்கப்பட்டது. பிளாட்டினத்தின்மீது கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனேற்றம் அடையும் வேகம் ஏறி இறங்கி அலைவதையும் அவர் விளக்கினார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வெற்றிடத்தில் கண்டது தொழிற்சாலையின் உயர் அழுத்தத்துக்குப் பொருந்துமா?

மறுமொழி 1:
பொருந்தும். மேற்பரப்பு ஆய்வுகள் தந்த அளவீடுகளைக் கொண்டே டென்மார்க் ஆய்வாளர்களான ஸ்டோல்ட்சே, நோர்ஸ்கோவ் இருவரும் 1985-இல் உயர் அழுத்த வினைவேகத்தைக் கணித்தனர். அது தொழிற்சாலை வினையூக்கியின் அளவீடுகளோடு நன்கு ஒத்துப்போயிற்று.