யாழினி பாட்டும் அசோக் குமாரும்

குழு: பெரிய வீட்டு சொந்தங்கள்

சுமதி: ஆண்டு விழால யாழினி பாடுன வீடியோவ யூடியூப்ல போட்டிருந்தேன்ல அதுக்கு காப்பிரைட்னு மெயில் வந்திருக்கு. ஏதோ மியூசிக் கம்பெனி கிளைம் பண்ணிருக்காம். வீடியோ யாருக்கும் ஓடல இப்ப

சுமதி: அவ பாடுனது பாரதியார் பாட்டு!! பாரதியாருக்கு எவன் காப்பிரைட் கேக்குறது

சுமதி: நான் என்னத்த திருடுனேன்மானு கேட்டுட்டு உக்காந்திருக்கா

அசோக்: அட கொடுமையே. பாப்பாவ அழ வேணாம்னு சொல்லு சுமதி

ராஜேந்திரன்: *அவசரம் அவசரம்* மகாகவி பாரதியின் பாடல்களை கார்ப்பரேட் நிறுவனம் விலைக்கு வாங்கிவிட்டது!! இனி பாரதி பாட்டு பாடினால் வழக்கு பாயும். தமிழா விழித்தெழு. இதை 20 பேருக்கு அனுப்பவும். பல லட்சம் பேர் அனுப்பினால் அந்த நிறுவனத்தின் சர்வர் தானாக முடங்கும் 🙏🙏

நித்யா: அப்பா இது யார் எழுதுனது

ராஜேந்திரன்: நான்தான்மா. சுமதி மெசேஜ் பாத்ததும் மனசு பொறுக்கல

நித்யா: வேற குரூப் எதுக்கும் அனுப்பலையே

ராஜேந்திரன்: வாக்கிங் குரூப். ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கம். அவ்வளவுதான்

கார்த்தி: பெரியப்பா சர்வர் எப்படி முடங்கும் 😂

ராஜேந்திரன்: நீதான கம்ப்யூட்டர் படிச்சவன், நீ சொல்லு எப்படி முடக்கலாம்னு

நித்யா: யாரும் எதையும் முடக்க வேணாம். அத்தை அந்த கிளைம்ல வீடியோவோட எந்த நிமிஷத்துல இருந்து எது வரைக்கும்னு போட்டிருப்பாங்க அதை பாத்து சொல்லுங்க

சுமதி: இரு. 0:24 ல இருந்து 3:10 வரைக்கும்னு இருக்கு

நித்யா: அதுக்கு முன்னாடி 24 செகண்ட்ல என்ன இருக்கு

சுமதி: அது முந்தின ஐட்டம் டான்ஸ் முடியுற நேரம், ஸ்பீக்கர்ல சினிமா பாட்டு ஓடிட்டு இருந்துச்சு. நான் சீக்கிரமே ரெக்கார்டிங் ஆன் பண்ணிட்டேன்

கார்த்தி: ஐயோ அப்ப உண்மையான காப்பிரைட் பாட்டை விட்டுட்டு பாரதிய போய் புடிச்சிருக்கு மெஷின் 🤦

செல்வம்: மெஷினா? ஆள் பாத்து பண்றது இல்லையா

கார்த்தி: ஆள் எங்க மாமா பாக்குறாங்க. கம்பெனிக்காரங்க அவங்க பாட்டு எல்லாத்தையும் தளத்துக்கிட்ட குடுத்து வச்சிருப்பாங்க, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கைரேகை மாதிரி எடுத்து வச்சிக்கும், நாம ஏத்துற வீடியோவ அதோட ஒட்டிப் பாக்கும். மெட்டு கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தாலே சில சமயம் மாட்டிரும். பாடுறது பத்து வயசு பொண்ணுனு அதுக்கு தெரியாது, பாரதினும் தெரியாது

அசோக்: சரி நித்யா, சட்டப்படி பாரதி பாட்டுக்கு உரிமை யாருக்கு?

நித்யா: யாருக்கும் இல்ல சித்தப்பா, எல்லாருக்கும்தான். நம்ம ஊர் சட்டத்துல எழுதுனவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை, பாரதி இறந்தது 1921. அதுக்கும் முன்னாடியே அரசு அதை பொதுவாக்கிருச்சு, அதை அப்பாவே சொல்லுவாரு. ஆனா ஒண்ணு, வரி பொதுவே தவிர யாராவது அதுக்கு புதுசா மெட்டு போட்டா மெட்டு அவங்களோடது, ஸ்டுடியோல ரெக்கார்ட் பண்ணி வெளியிட்டா அந்த ரெக்கார்டிங் வெளியான தேதியில இருந்து 60 வருஷம் அவங்களோடது. அதனால அத்தை, பின்னாடி என்ன மியூசிக்? சிடி போட்டாங்களா?

சுமதி: இல்லவே இல்ல. பாட்டு டீச்சர் கீபோர்டு வாசிச்சாங்க. மெட்டும் அவங்களே போட்டதுனு மேடையில சொன்னாங்க

நித்யா: அப்ப நம்ம கேஸ் ஸ்ட்ராங்

ராஜேந்திரன்: பொதுவுடைமை ஆன கதையை சொல்றேன் எல்லாரும் படிங்க. பாரதி பாட்டோட ஒலிப்பதிவு உரிமை அப்ப ஏவிஎம் படக்கம்பெனி ஏவி.மெய்யப்ப செட்டியார் கையில இருந்துச்சு. நாடகக்காரங்க டி.கே.எஸ். சகோதரர்கள் எடுத்த படத்துல பாரதி பாட்டு வந்ததும் செட்டியார் பக்கம் இருந்து நோட்டீஸ். டி.கே.சண்முகம் சும்மா இருக்கல, ஊர் ஊரா எழுத்தாளர்கள் கூட்டம் போட்டாங்க, பத்திரிகையில எழுதினாங்க. எழுத்தாளர் நாரண துரைக்கண்ணன் எல்லாம் சேர்ந்து திருநெல்வேலிக்கே போய் பாரதி மனைவி செல்லம்மாகிட்ட சம்மதக் கடிதம் வாங்கிட்டு வந்தாங்க. 1949ல முதலமைச்சர் ஓமந்தூரார் ஆட்சியில அரசே உரிமையை வாங்கிருச்சு, அப்பறம் மக்களுக்கே குடுத்துட்டாங்க. ஒரு கவிஞனோட எழுத்தை அரசு வாங்கி பொதுவாக்கினது நாட்டுலயே அதான் முதல் தடவை

கார்த்தி: செம பெரியப்பா. அப்பவே ஒரு காப்பிரைட் நோட்டீஸ்ல தான் ஆரம்பிச்சிருக்கு

நித்யா: அப்பா இதையே குரூப்ல போட்டிருக்கலாமே, கார்ப்பரேட் வாங்கிருச்சுனு எதுக்கு பொய்

ராஜேந்திரன்: கதை போட்டா எவன் படிக்கிறான். விழித்தெழுனு போட்டாத்தான் படிக்கிறான்

செல்வம்: அதுவும் சரிதான் மச்சான் 😄

செல்வம்: எனக்கு ஒரு டவுட். ஒரு பாட்டுக்காக வீடியோ போச்சு சரி. 2025 பிப்ரவரில விகடன் சைட்டே ஓப்பன் ஆகாம போச்சே அதுவும் காப்பிரைட்டா

நித்யா: அது வேற மாமா. விகடன் பிளஸ்னு அவங்க டிஜிட்டல் இதழ்ல பிரதமர் கை கால்ல விலங்கோட டிரம்ப் பக்கத்துல உக்காந்திருக்க மாதிரி ஒரு கார்ட்டூன் வந்துச்சு, அதுக்குத்தான். அது தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டம் 69ஏ பிரிவு, சைட்டை மத்திய அரசு பிளாக் பண்ற அதிகாரம். அந்த நடைமுறையே ரகசியமா வைக்கணும்னு 2009 விதியிலயே இருக்கு. மார்ச்ல ஐகோர்ட் போய் கார்ட்டூனை மட்டும் தற்காலிகமா எடுங்க சைட்டை திறந்து விடுங்கனு ஆச்சு

செல்வம்: ஒரு படத்துக்காக மொத்த சைட்டையுமா

கார்த்தி: மாமா இதே கூத்து காப்பிரைட்லயும் நடந்திருக்கு, 2012ல நான் காலேஜ் படிக்கும்போது. ஒரு தமிழ் படம் ஒரு தெலுங்கு படம், ரெண்டையும் திருட்டுத்தனமா நெட்ல ஏத்தக்கூடாதுனு சென்னை ஐகோர்ட்ல ஆர்டர் வாங்கினாங்க. இன்டர்நெட் கம்பெனிங்க எந்த லிங்க்னு பாக்காம விமியோ, டெய்லிமோஷன்னு வீடியோ தளங்க, எழுத்து பகிர்ற பேஸ்ட்பின் எல்லாத்தையும் முழுசா மூடிட்டாங்க, எங்க காலேஜ் பசங்க குறும்படம் போட்டு வச்சிருந்ததே விமியோலதான். கோர்ட்டே ஜூன்ல திரும்ப சொல்ல வேண்டி வந்துச்சு, குறிப்பிட்ட லிங்க்கை மட்டும் தடுங்க மொத்த தளத்தையும் இல்லனு

நித்யா: அந்த ஆர்டருக்கு பேர் ஜான் டோ ஆர்டர். யார் திருடுறானு தெரியாதப்ப முகம் தெரியாத ஆள் பேர்ல வாங்குறது. நம்ம ஊர்ல அதுக்கு என்ன பேர் போடுவாங்க தெரியுமா சித்தப்பா

அசோக்: என்ன

நித்யா: அசோக் குமார்

கார்த்தி: 😂😂😂😂

அசோக்: என் பேர்லயா!! எந்த கோர்ட்லமா

நித்யா: டெல்லி பக்கம் நிறைய. பிரதிவாதி அசோக் குமார்னு போடுவாங்க

சுமதி: சின்னண்ணே நீங்கதான் அந்த திருட்டு பட ஆளா, டெலிகிராம்ல லிங்க் அனுப்புவீங்களே தீபாவளிக்கு

அசோக்: அது எனக்கே ஒருத்தர் அனுப்பினது

*இந்த மெசேஜ் நீக்கப்பட்டது*

நித்யா: 🙄 பாத்துட்டேன் சித்தப்பா. படம் எடுத்தவன் பொழப்பும் இருக்குல்ல அதுலயும் நியாயம் இருக்கு. எனக்கு சட்டம் இருக்கறதுல பிரச்சனை இல்ல. தூக்குறதுக்கு ஒரு கிளிக், திரும்ப வாங்குறதுக்கு நாய் படாத பாடு, அதுதான் பிரச்சனை. நம்ம காப்பிரைட் சட்டத்துல ஒரு புகார் வந்தா 36 மணி நேரத்துல தளம் அதை முடக்கணும், ஆனா 21 நாளுக்குள்ள கோர்ட் ஆர்டர் கொண்டு வரலைன்னா திரும்ப விட்டுடலாம்னு இருக்கு. மெஷின் கிளைம் இந்த சட்டத்துக்குள்ளயே வராது, அது தளமும் கம்பெனியும் போட்டுக்கிட்ட ஏற்பாடு

செல்வம்: அதுக்குத்தான் மச்சான் சொல்ற மாதிரி போராடணும். முகமூடி போட்டுட்டு அப்ப ஒரு கூட்டம் கிளம்பிச்சே

கார்த்தி: அனானிமஸ்னு ஹேக்கர் கூட்டம், அந்த விமியோ தடையை எதிர்த்து. 2012 மே மாசம் சுப்ரீம் கோர்ட் சைட், காங்கிரஸ் சைட் எல்லாம் கொஞ்ச நேரம் விழ வச்சாங்க, ஜூன் 9 மும்பை டெல்லி பெங்களூர்னு தெருவுக்கும் வந்தாங்க. எனக்கு அப்ப ஹீரோவா தெரிஞ்சது. ஆனா யோசிச்சு பாத்தா சைட் விழுந்ததால ஒண்ணும் மாறல, இன்டர்நெட் கம்பெனிங்க தரப்பு கோர்ட்டுக்கு போனதுலதான் அந்த ஆர்டர் மாறுச்சு

கார்த்தி: அதே வருஷம் ஜனவரி 18 அமெரிக்கால திருட்டு காப்பிய தடுக்கிறோம்னு கொண்டு வந்த சோபா, பிபானு ரெண்டு மசோதாவுக்கு எதிரா இங்கிலீஷ் விக்கிபீடியா ஒரு நாள் முழுக்க கருப்பாச்சு. வெறும் கருப்பு பக்கம் இல்ல பெரியப்பா, உங்க ஏரியா பின்கோடு போடுங்கனு கேட்டுச்சு, போட்டா உங்க எம்பி யாரு போன் நம்பர் என்னனு காட்டுச்சு. போன் பண்ணி பண்ணியே ரெண்டு நாள்ல மசோதாவ ஓரங்கட்ட வச்சிட்டாங்க

ராஜேந்திரன்: பாத்தியா! பல லட்சம் பேர் சேர்ந்தா நடக்கும்

நித்யா: லட்சம் பேர் மட்டும் போதாதுப்பா. 2015ல டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையம் டிராய், நெட் நியூட்ராலிட்டி (எல்லா சைட்டையும் ஒரே மாதிரி நடத்தணும்ங்கறது) பத்தி 20 கேள்வி கேட்டுச்சு, பத்து லட்சத்துக்கு மேல மெயில் போச்சு. வருஷக் கடைசில பேஸ்புக், சில சைட்டை மட்டும் இலவசமா தர்ற அவங்க திட்டத்துக்காக ஒரு பட்டனை அமுக்க சொல்லி அவங்களும் லட்சக்கணக்குல மெயில் அனுப்ப வச்சாங்க. டிராய் என்ன சொல்லிச்சு? நாங்க கேட்ட கேள்விக்கு இதுல பதிலே இல்லையேனு சொல்லிருச்சு. 2016 பிப்ரவரி 8 டிராய் உத்தரவு பேஸ்புக்குக்கு எதிராத்தான் வந்துச்சு

செல்வம்: முதல் தடவை போன மெயிலும் ரெடிமேட் தானம்மா, நானே ஒரு சைட்ல போய் அப்படியே அனுப்பினேன்

நித்யா: ஆமா மாமா ரெடிமேட் தான், ஆனா கேள்வி ஒண்ணு பதில் இது, கேள்வி ரெண்டு பதில் இதுனு வரிசையா இருந்துச்சு. படிக்கிறவனால தள்ளி வைக்க முடியல

கார்த்தி: கூடவே டிராய் எல்லார் மெயில் ஐடியையும் பப்ளிக்கா போட்டு விட்டுச்சு, உங்க ஐடியும் அதுல இருக்கும் மாமா 😂

செல்வம்: ஓ அதான் அவ்வளவு ஸ்பேம் வந்துச்சா

சுமதி: உங்க அரசியல் எல்லாம் இருக்கட்டும் இப்ப நான் என்ன பண்ணனும் அதை சொல்லுங்க, பாப்பா பக்கத்துலயே நிக்கிறா

நித்யா: அத்தை முதல்ல அந்த முன்னாடி 24 செகண்டை வெட்டிருங்க, எடிட் பண்ற இடத்துலயே வெட்டலாம். அப்பறம் கிளைம் பக்கத்துல மறுப்புனு ஒரு ஆப்ஷன் இருக்கும். இதை அப்படியே போடுங்க 👇

நித்யா: பாடல் வரிகள்: சி.சுப்பிரமணிய பாரதி (மறைவு 1921), பொதுவுடைமை. மெட்டு: பள்ளி இசை ஆசிரியர் அமைத்தது, அவர் அனுமதி உண்டு. பாடியது: என் மகள். கீபோர்டு: அதே ஆசிரியர், நேரடியாக மேடையில். எந்த நிறுவனத்தின் ஒலிப்பதிவும் இதில் இல்லை. உங்கள் கிளைமில் உள்ள 0:24 முதல் 3:10 வரை (முன்பகுதியை வெட்டுவதற்கு முந்தைய நேரம்) எந்த ஒலிப்பதிவு உங்களுடையது என்று குறிப்பிடவும்.

ராஜேந்திரன்: மகாகவினு போடு

நித்யா: அப்பா

ராஜேந்திரன்: சரி சரி. ஆனா கடைசி வரி நல்லா இருக்கு

நித்யா: டீச்சர்கிட்ட வாட்ஸ்அப்ல ஒரு வரி அனுமதி வாங்கி வச்சுக்கோங்க அத்தை. கம்பெனிக்கு 30 நாள் டைம், பதிலே சொல்லலைன்னா கிளைம் தானா போயிரும்

செல்வம்: பதில் சொன்னா யார் தீர்ப்பு சொல்றது

நித்யா: முதல் சுத்துல கிளைம் பண்ணவங்களே தான் மாமா பாப்பாங்க 🙂 அவங்க முடியாதுன்னா அப்பீல், அது கொஞ்சம் ரிஸ்க், தோத்தா சேனலுக்கு ஸ்ட்ரைக்னு ஒரு எச்சரிக்கை விழும். அப்ப நான் பாத்துக்கிறேன்

அசோக்: திருடுனவன்னு சொன்னவனே ஜட்ஜா. நல்ல ஏற்பாடு

சுமதி: வெட்டிட்டேன். மறுப்பும் போட்டாச்சு. டீச்சர் உடனே ஓகேனு அனுப்பிட்டாங்க, அவங்களுக்குத்தான் செம கோவம்

சுமதி: யாழினி கேக்குறா, கம்பெனிக்காரங்க அவ பாட்டை நிஜமாவே கேப்பாங்களானு

கார்த்தி: இந்த தடவை கேட்டுத்தான் ஆகணும்னு சொல்லுங்க அத்தை ❤️

நித்யா: அப்பா அந்த ரெண்டு குரூப்லயும் போய் மெசேஜை அழிங்க

ராஜேந்திரன்: அழிச்சிட்டேன். ஆசிரியர் சங்கத்துல பாரதி கதைய போட்டிருக்கேன், ரெண்டு பேர் கட்டைவிரல் போட்டிருக்காங்க

செல்வம்: மச்சான், இப்ப எங்க ஆபீஸ் குரூப்ல ஒண்ணு வந்திருக்கு. "பாரதி பாட்டு பாடிய 10 வயது சிறுமி கைது, 20 பேருக்கு அனுப்பவும்". கீழ உங்க ரெண்டு கும்பிடும் அப்படியே இருக்கு

ராஜேந்திரன்: கைதுனு நான் எழுதவே இல்ல