உங்கள் ஊருக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

செந்துறை வாசி:

ஆராய்ச்சியாளர்கள் எழுதியதை எல்லோரும் படிக்கிறோம். அவர்களுக்கு வழி காட்டியவர்களும் கேள்விக்குப் பதில் சொன்னவர்களும் எழுதி நான் படித்ததில்லை. அதற்காகத்தான் இது. முதலில் நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் அரியலூர், பெரம்பலூர் பக்கம் கையில் சுத்தியலோடு யாராவது ஓடையில் இறங்கினால், ஃபாசில், அதாவது கல்லாகிப்போன பழைய உயிரி, பார்க்க வந்தவர் என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். 1840-களில் வெள்ளைக்காரர்கள் வந்து பொறுக்கிப் போனதிலிருந்து இந்த வரத்து நிற்கவில்லை. இங்கே உள்ள பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்தவர் பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர். அது 1862-ல். இன்றைக்கும் பிள்ளைகள் அந்தப் பெயர்களைத்தான் படிக்கிறார்கள்.

ஒரு கல்லூரிக் குழுவுக்கு வழி காட்ட நான் காரை என்ற ஊருக்குப் போயிருந்தேன். பார்க்காதவர்களுக்கு: செம்மண்ணும் சாம்பல் களிமண்ணுமாக மழை அரித்துப் போட்ட பள்ளங்கள், மரம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. காலடியில் ஜிப்சம் தகடுகள் வெயிலில் கண்ணைக் கூசும். தோட்டா வடிவத்தில் கிடக்கும் கற்கள் பெலம்னைட்; கணவாயின் பழைய உறவுக்கார உயிரி. உள்ளங்கை அகலத்துக்குச் சுருள் சுருளாக ஓர் அம்மோனைட், அழிந்துபோன கடல் உயிரியின் ஓடு, கிடைத்தது. பெரிய சந்தோஷத்தோடு பேராசிரியரிடம் நீட்டினேன். ‘எந்த அடுக்கிலிருந்து எடுத்தீங்க தம்பி?’ என்றார். ஓடையில் கிடந்தது என்றேன். ‘அழகா இருக்கு, ஆனா எங்கிருந்து உருண்டு வந்ததுன்னு தெரியாம இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது’ என்று கிடந்த இடத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டார்.

அப்புறம் அவர்கள் செய்ததுதான் வேடிக்கை. பள்ளத்தின் சுவரில் டேப்பைத் தொங்கவிட்டு, கீழிருந்து மேலாகக் குறிப்பிட்ட இடைவெளி விட்டு, மேல் மண்ணைச் சீவித் தள்ளிவிட்டு உள்ளே இருக்கும் களிமண்ணை ஒவ்வொரு பையாக நிரப்பினார்கள். பை மேலே எண், நோட்டிலும் அதே எண். நாள் முழுக்க இதுதான். எதற்கு இந்தச் சேறு என்று கேட்டதற்கு, ஊறவைத்து மெல்லிய சல்லடையில் அலசினால் கடைசியில் ஒரு சிட்டிகை மிஞ்சும், அதை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே பரப்பி, ஈரத் தூரிகை நுனியால் ஃபொராமினிஃபெரா என்ற மிகச் சிறிய கடல் உயிரிகளின் ஓடுகளை ஒவ்வொன்றாக எடுப்போம் என்றார் கூட வந்த மாணவி. சுமார் பத்துக் கோடி ஆண்டுக்கு முன்னால் கடலடியாக இருந்த மண் அது. எந்த அடுக்குக்கு என்ன வயது, கடல் எவ்வளவு ஆழம் என்பதையெல்லாம் சொல்வது அந்தப் பொடிசுகள்தானாம்.

பெரிய எலும்புக் கதையும் எங்களிடம் உண்டு. கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987-ல் யாதகிரி, அய்யாசாமி இருவரும் புருகத்காயோசாரஸ் என்று ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர். ஆனால் மழையில் ஊறி எலும்பு உதிர்ந்து போனது, பத்திரப்படுத்த முடியவில்லை. எலும்பு கையில் இல்லாததால் ‘அது கல்லான மரமாக இருக்கும்’ என்று சொன்னவர்களும் உண்டு. பழைய புகைப்படங்களை 2022-ல்தான் வெளியிட்டார்கள். நல்ல காமிரா ஒன்றும் தார்பாயும் அன்றைக்கு இருந்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது என்பது என் எண்ணம்.

2020-ல் குன்னத்தில் குளம் தூர்வாரும்போது உருண்டைக் கற்கள் வந்தன. ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்அப் முழுக்க ஓடியது. பார்த்தவர்கள், அம்மோனைட்டைச் சுற்றிப் படிவு இறுகிய உருண்டை என்று சொல்லிவிட்டார்கள். அது எவ்வளவு பேரிடம் போய்ச் சேர்ந்தது என்று கேட்காதீர்கள். செந்துறைப் பக்கம் 2009-ல் நிஜமாகவே முட்டைகள் கிடைத்ததாகப் பெரியார் பல்கலைக்கழகத்தார் சொன்னதால், உருண்டையாக எதைப் பார்த்தாலும் இப்போது எங்களுக்கு முட்டைதான்.

கேள்வித்தாள்:

நான் எதிர்ப்பக்கம். கேள்வி கேட்கப் போனவன். எம்.ஏ. பொருளாதாரம் முடித்துச் சும்மா இருந்த சமயம், விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊரில் வீட்டுவாரிக் கணக்கெடுக்க ஆள் தேடினார்கள். நாள் கூலி, சாப்பாடு உண்டு.

முதல் வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள்: ‘இதுல எழுதிக் குடுத்தா லோன் தள்ளுபடி ஆவுமா தம்பி?’ ஆகாது, இது படிப்புக்காக என்று சொன்னால் அடுத்த கேள்வி, ‘அப்ப ரேஷன் கார்டை எடுத்துடுவாங்களா?’ இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஊரில் எல்லாப் பதிலும் கிடக்கிறது. வருமானம் என்று கேட்டால் ரேஷன் கார்டு ஞாபகம் வரும், குறையும். கடன் என்று கேட்டால் தள்ளுபடி ஞாபகம் வரும், கூடும்.

ஆண்களிடம் கேட்டால் கடனும் குறைந்துவிடும் என்பது தனிக் கதை. திண்ணையில் உட்கார்ந்து ஒருவர், ‘கடன்லாம் கிடையாதுப்பா, போடு பூஜ்யம்’ என்றார். உள்ளேயிருந்து அந்த அம்மா: ‘சொசைட்டியில வெச்ச என் நகை என்ன ஆச்சாம்? குழுவுல எடுத்தது யாரு கட்டறா?’ அவர் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். படிவத்தில் கடன் கட்டத்தில் நான் எழுதிய தொகை, அவர் சொன்ன வருஷ வருமானத்தைவிடப் பெரியது. அன்று மாலை எங்கள் மேற்பார்வையாளர், கடன் பகுதியை இனிமேல் வீட்டுப் பெண்களிடம் தனியாகக் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று மாற்றிவிட்டார். ஏற்கெனவே முடித்த வீடுகளுக்கும் திரும்பப் போனோம்.

நிலம் அடுத்த தலைவலி. படிவத்தில் ஏக்கர், சென்ட். ஊரில் காணி. ஒரு காணி 1.32 ஏக்கர் என்று பெருக்கிப் போடலாம். ஆனால் அவர் சொல்வது பட்டாவில் உள்ள காணியா, உழுகிற காணியா, அண்ணன் தம்பி வாய்ப் பேச்சில் பிரித்துக்கொண்ட காணியா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டாக வேண்டும். ‘கடந்த 30 நாளில் மளிகைக்கு எவ்வளவு?’ என்ற கேள்விக்கு ஒரு பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். ‘நீ போன மாசம் என்ன தின்னேன்னு உனக்குத் தெரியுமா?’

எங்களை அனுப்பியவர் இருவேல்பட்டைப் பற்றி அடிக்கடி சொல்வார். அதே மாவட்டம்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் 1915-ல் வந்தார். மறு வருஷமே மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்து அவரவர் ஊருக்கு அனுப்பினார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் என்று 1918-ல் புத்தகமாக வந்தது. 1936-37-ல் மறுபடி போனார்கள். இருவேல்பட்டுக்கு மட்டும் 1961, 1981, 2008 என்று வேறு வேறு ஆட்கள் போய் எழுதியிருக்கிறார்கள். முதலில் எழுதியபோது ஒரு பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் கையில் இருந்த ஊர், கடைசியாகப் போனபோது அந்தப் பிடி விட்ட ஊராகிவிட்டது. ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் இது கண்ணில் படும். ஒரு தடவை போய் நாலு மாதத்தில் ‘தமிழகக் கிராமப் பொருளாதாரம்’ என்று தலைப்பு வைப்பவர்கள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை கிடையாது.

தெற்கத்தி:

எல்லாம் சரி. எங்கள் ஊருக்கு வந்தார்கள், எழுதினார்கள், போனார்கள். குடிநீரிலிருந்து சாதி வரைக்கும் கேட்டார்கள். என் அப்பா ரெண்டு நாள் வேலையை விட்டுவிட்டு அவர்களோடு சுற்றினார். என்ன எழுதினார்கள் என்று இன்றுவரை ஒரு தாள் வரவில்லை. கேட்டால் இங்கிலீஷில் இருக்கும் என்கிறார்கள். இருக்கட்டுமே, பேத்தி படித்துச் சொல்ல மாட்டாளா?

முத்தோரை:

நான் பிறந்து வளர்ந்தது உதகைக்குப் பக்கத்தில். பள்ளிக்கூடம் போகிற வழியில் கேரட் தோட்டத்துக்கு மேலே அந்த ரேடியோ தொலைநோக்கி தெரியும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 சட்டங்கள், அவற்றின் மேலே நீளவாக்கில் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். இதைக் கட்டிய வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் இந்தச் சரிவைத் தேடிப் பிடித்ததற்கே காரணம் இருக்கிறது: மலை சாய்ந்திருக்கும் கோணமும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. அந்த ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே போனால் ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தொடரலாம். 1970-லிருந்து ஓடுகிறது.

என் அனுபவம் டி.வி. சம்பந்தப்பட்டது. ஒரு நாள் கையில் மீன்முள் ஆன்டெனாவும் தோளில் ஒரு பெட்டியுமாக ஒருவர் எங்கள் லைனுக்குள் வந்தார். ஒவ்வொரு வீட்டுப் பக்கமும் ஆன்டெனாவைத் திருப்பிப் பார்க்கிறார், பெட்டியில் முள் ஏறுகிறதா என்று கவனிக்கிறார், நகர்கிறார். பையன்கள் எல்லாம் பின்னாலேயே. கடைசியில் கம்பத்தில் கட்டியிருந்த கேபிள் டி.வி. பூஸ்டருக்குக் கீழே நின்றுவிட்டார். அவர் அந்தத் தொலைநோக்கி நிலையத்து ஆள்; அவர்கள் கேட்பது 327 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கம். கேபிளில் ஓடும் சில சேனல்களும் அங்கேதான். மூடி சரியாகப் பொருந்தாத பூஸ்டரிலிருந்து கசிந்து, அவர்களுக்கு வானத்திலிருந்து வருவதை மூழ்கடித்துக்கொண்டிருந்தது. கேபிள்காரரைக் கூப்பிட்டு, திட்டாமல், பொறுமையாக விளக்கி மாற்ற வைத்தார். எங்கள் அம்மா டீ கொடுத்துவிட்டு, ‘அவ்வளவு தூரத்துல இருந்து வர்றது உங்களுக்குக் கேக்குதா சார்?’ என்றார். ‘இந்த டப்பா வாயை மூடினா கேக்கும்மா’ என்றார் அவர்.

உதகையிலேயே கிரேப்ஸ்-3 என்று இன்னோர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இரண்டு மீட்டர் கான்கிரீட்டுக்குக் கீழே 3,712 குழாய்கள் வைத்து மியூவான் என்ற, வானத்திலிருந்து விழும் நுண்துகள்களை எண்ணுகிறார்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஊர்மேல் நின்ற இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் இருந்தது என்று, மியூவான் எண்ணிக்கை குறைந்ததை வைத்துக் கணக்குப் போட்டு 2019-ல் சொன்னார்கள். அந்த மழையில் நனைந்தவர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர்.

சிவப்பு நாடா:

நீதிமன்ற ரெக்கார்டு ரூமில் இருந்து ஓய்வு பெற்றவன். சட்ட ஆராய்ச்சி என்று வருகிறவர்கள் பெரும்பாலும் தீர்ப்பு நகல் மட்டும் கேட்பார்கள். ஒரு பெண் வந்தார், ஜீவனாம்ச வழக்குகளைப் பற்றிப் படிக்கிறாராம். ‘தீர்ப்பு வேண்டாம் சார், சாட்சி சொன்னது வேண்டும்’ என்றார். எனக்கு அவரைப் பிடித்துப் போனதே அதனால்தான். தீர்ப்பில் நாலு வரியாகச் சுருங்குவது வாக்குமூலத்தில் பத்துப் பக்கம் இருக்கும். புருஷன் மாதம் எவ்வளவு கொடுத்தான், எந்தக் கடையில் கணக்கு, எந்தத் திருவிழாவுக்குப் பிறகு வீட்டைவிட்டு அனுப்பினான் என்று எல்லாம்.

அனுமதி வாங்கி வந்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு கட்டுக் கட்டாகப் பிரித்தார். கரையான் தின்றது போக மிச்சம். பல வருஷத்துக் கட்டுகள் இல்லவே இல்லை. காலக்கெடு முடிந்த ஆவணங்களை அழிக்க 1917-லேயே சட்டம் இருக்கிறது; பட்டியல் போட்டு அழித்துவிடுவோம். தீர்ப்பு மிஞ்சும், வாக்குமூலம் போய்விடும். இதைச் சொன்னபோது அவர் அழிப்புப் பட்டியலையே கொடுங்கள் என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார். எந்த வகை வழக்கு எவ்வளவு வந்தது என்பதாவது அதில் தெரியுமாம். முப்பது வருஷ சர்வீஸில் அந்தப் பட்டியலை யாரும் படிக்கக் கேட்டதில்லை.

நம் பக்கத்து வழக்கம் என்ன என்று சாட்சிகள் சொன்னதற்குப் பெரிய எடை இருந்த காலம் உண்டு. ராமநாதபுரம் ராணி, கணவரின் அனுமதி இல்லாமல், பங்காளிகள் சம்மதத்தோடு எடுத்த சுவீகாரம் செல்லும் என்று 1868-ல் பிரிவி கவுன்சில், அன்றைக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம், சொன்னது. தெளிவாக நிரூபித்த வழக்கம் எழுதி வைத்த சட்டத்தையும் மிஞ்சும் என்று அந்தத் தீர்ப்பில் ஒரு வரி. வக்கீல்கள் இன்னும் எடுத்துச் சொல்கிறார்கள்.

ஊட்டி ஜீப்:

நான் வண்டி ஓட்டுகிறவன். மொழி ஆராய்ச்சி செய்யும் மேடம் ஒருவரைத் தோடர் மந்துக்கு, அதாவது அவர்கள் குடியிருப்புக்கு, கூட்டிப்போவேன். ஒரு வார்த்தையை ஒரே வாக்கியத்துக்குள் வைத்து மூன்று தடவை சொல்லச் சொல்வார், ரெக்கார்டரில் பிடிப்பார், அடுத்த வார்த்தை. தோடர் மொழியில் ர மாதிரி உருளும் ஒலி மட்டும் ஆறு வகை இருக்கிறதாம். எனக்கு இரண்டுதான் காதில் விழுந்தது. நாக்கு எங்கே படுகிறது என்று பார்க்க, கரித்தூளை ஆலிவ் எண்ணெயில் குழைத்துப் பெரியவர் நாக்கில் தடவி, ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி, வாய்க்குள் கண்ணாடி வைத்து அண்ணத்தைப் போட்டோ எடுத்தார். கறுப்பு எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே நாக்கு பட்டிருக்கிறது. பெரியவர் துப்பிவிட்டு, ‘எமனோ காலத்துல இப்படி எல்லாம் செய்யலைன்னு எங்க அப்பா சொல்வாரு, வாயால சொன்னாப் போதும்’ என்றார். எமனோ என்ற மொழியறிஞர் 1930-களில் வந்து தங்கி, பாட்டுகளைக்கூட எழுதிப் போனவர். அப்புறம் பெரியவர் எருமையைப் பார்க்கணும் என்று எழுந்து போய்விட்டார். அன்றைக்கு அவ்வளவுதான்.

கேள்வித்தாள்:

தெற்கத்தி அண்ணனுக்கு: நீங்கள் சொல்வது நியாயம். எங்கள் கணக்கெடுப்பும் ஆங்கிலத்தில்தான் வந்தது. ஊர்க்காரர்களுக்காக நாலு பக்கம் தமிழில் எழுதித் தர நான் கேட்டேன், பணம் ஒதுக்கவில்லை என்றார்கள். வந்தவர் எந்தக் கல்லூரி, எந்த வருஷம் என்று தெரிந்தால் சொல்லுங்கள். முனைவர் பட்ட ஆய்வேடாக இருந்தால் சோத்கங்கா என்ற ஆய்வேட்டு இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம், நிறைய ஏற்றியிருக்கிறார்கள்.

தெற்கத்தி:

வருஷம் அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன். அவர் ஒரு நோட்டில் வந்தவர் பெயரை எழுதி வைத்திருக்கிறார்.

செந்துறை வாசி:

காரைக்கு வரலாமா என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: மழைக்காலத்தில் வேண்டாம், களிமண் வழுக்கும். தை, மாசியில் வாருங்கள், தண்ணீர் கொண்டுவாருங்கள். சாத்தனூர் கல்மரமும் பக்கத்தில்தான், 18 மீட்டர் நீளம். ஃபாசிலை எடுத்துப் போகிற எண்ணம் இருந்தால் வாரணவாசி அருங்காட்சியகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.