கரிசல் மண்ணுல வாலிபால் கோர்ட்டு: மழைக்குக் குளம், வெயிலுக்கு வெடிப்பு

நெட்டுக்கட்டி:
வணக்கம் மக்களே. கோவில்பட்டி பக்கம் கிராமம். ஊர்ப்பசங்க காசு போட்டு கோர்ட்டு அடிச்சோம், அடியில கரிசல், அதுமேல நாலு இஞ்சு செம்மண் கொட்டி ரோலர் விட்டோம், ரெண்டு மாசம் சும்மா தட்டு மாதிரி கெடந்துச்சு. ஐப்பசி மழை வந்துச்சா, நெட்டுக்குக் கீழ கணுக்கால் தண்ணி. இப்ப பங்குனி வெயிலுக்கு வெடிச்சுப் போய் நேத்து ஒருத்தன் நெட்டுகிட்ட எகிறி எதிராளி அடிய மறிச்சு பிளாக் எடுத்துட்டு எறங்குறான், பெருவெரல் வெடிப்புக்குள்ள மாட்டி நகமே பேந்துருச்சு. சிமெண்டு போட்டு பெயிண்ட் அடிச்சுருவோம்னு பாதிப்பேர் நிக்கிறாங்க. என்ன பண்ண?

லெஃப்ட்சைடு:
சிமெண்டு வேண்டவே வேண்டாம் தம்பி. கரிசல் தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும், மேல என்ன போட்டாலும் அதையும் சேத்துல்ல ஒடைக்கும். எங்க ஊர்ல கரிசல்கூட இல்ல, நல்ல தரைதான், போட்டு 28 நாள் காயவிடணும்னு சொல்லியும் கேக்காம போட்டி வருதுன்னு ரெண்டாவது வாரமே கலர் அடிச்சாங்க, அடியில பாலிதீன் ஷீட்டும் விரிக்கல. ஈரம் மேல வந்து கலர் பூராம் அப்பளம் மாதிரி உப்பிருச்சு. பசங்க வெரலால குத்தி வெளாண்டாங்க 😂 அதுபோக டெய்லி சிமெண்டுல குதிச்சா முட்டி போயிரும்.

பழைய செட்டர்:
நாலு இஞ்சு செம்மண்ணு கரிசலுக்கு ஒரு போர்வைதாம்ப்பா, அடியில பொளந்தா அதுவும் பொளக்கும். ஒரு அடி ஒன்றரை அடியாச்சும் கரிசலத் தோண்டி வெளிய தள்ளிட்டு கிராவல் போட்டு, அரையடி அரையடியா தண்ணி விட்டு இறுக்கி, கடைசியாத்தான் சலிச்ச செம்மண். ரோலர் எப்ப விடணும்னா, மண்ண அள்ளிப் புடிச்சா உருண்டையா நிக்கணும், கையில ஒட்டக்கூடாது. ஒட்டுச்சுன்னா சாயங்காலம் வந்து பாரு, சேத்துல ரோலர் விட்டா ரோலர்லயே பாதி மண்ணு போயிரும். சுத்தி ஒரு வாய்க்காலும் வெட்டணும், இல்லேன்னா காட்டுத் தண்ணி பூராம் உங்க கோர்ட்டுக்குத்தான் வரும்.

நெட்டுக்கட்டி:
அண்ணே கோர்ட்டு சமமாத்தான இருக்கணும்? நாங்க கயிறு கட்டி மட்டம் பாத்துல்ல போட்டோம்.

பழைய செட்டர்:
அதாம்ப்பா தண்ணி நிக்கிது! வெளி கோர்ட்டுக்கு மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் வாட்டம் ரூல்லயே உண்டு. அகலம் 9 மீட்டர், அப்ப ஒரு சைடுலைன்ல இருந்து அடுத்த சைடுலைனுக்கு 45 மில்லி, ஒன்னே முக்கா இஞ்சு, ஆடுறவனுக்குத் தெரியவே தெரியாது. கொத்தனார்ட்ட மட்டம் பாக்குற தண்ணி டியூப் இருக்கும், அத வாங்கிப் புடிச்சுப் பாருங்க.

லெஃப்ட்சைடு:
இன்னொன்னு, மழை விட்ட அன்னைக்கே ஆசைல எறங்கிராதீங்க. ஒரு கேம்ல விழுற காலடித் தடம் காஞ்சா கல்லாயிரும், அப்பறம் ஒரு மாசம் தரைக்கு வர்ற பந்த விழுந்து எடுத்து டிக் பண்ணவன் பூராம் முழங்கை தேய்ஞ்சு திரிவான். எங்க கோர்ட்டுல பசங்கள நிறுத்திட்டோம், ஆட்டத்தான் நிறுத்த முடியல. தண்ணி தெளிச்சு ரோலர் விட்ட மறுநிமிசம் குட்டியோட வந்து நிக்கும்.

நெட்டுக்கட்டி:
சிமெண்டு பார்ட்டிக்கு இதக் காட்டிட்டேன், கொஞ்சம் எறங்கி வந்துருக்காங்க. சனிக்கிழமை டியூப் புடிக்கப் போறோம். அண்ணே, தோண்டுன கரிசல என்ன பண்றது? பக்கத்துக் காட்டுக்காரர் இப்பவே ட்ராக்டரோட வந்து கேக்குறாரு.

பழைய செட்டர்:
குடு குடு, பதிலுக்கு ரெண்டு நடை கிராவல் அடிச்சுத் தரச் சொல்லு.